பெருவிரல் வாத்தியமும் மின்பொறியும்

பழைய சங்கீதத்தோடு புதிய பொறி வந்து சேரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுவதைக் கேட்கிறோம். "மரபு கெட்டது" என்று ஒரு சாரார் வருந்துவர். "மரபு பிழைத்தது" என்று மறு சாரார் மகிழ்வர். இந்த வழக்கு இசையுள்ள எல்லா நாடுகளிலும் உண்டு. ஆயினும், கடந்த ஐம்பது ஆண்டுகளில் அது மிகக் கூர்மையாக நடந்துவரும் களம் ஆபிரிக்காக் கண்டம் எனலாம். அங்கே ஆயிரக்கணக்கான மொழிகளும் அவற்றிற்குரிய பாட்டுகளும் ஏட்டில் எழுதப்படாமல், பாட்டன் வாயிலிருந்து பேரன் செவிக்கு வந்துகொண்டிருந்தன. அந்த வழியின் நடுவே முதலில் ஒலிப்பதிவுப் பொறி வந்து நின்றது. அதன்பின் மின்சார ஒலிபெருக்கியும், இலத்திரனியல் இசைக்கருவியும், கணினியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இன்று லாகோஸ் முதல் ஜொஹான்னஸ்பேர்க் வரை இளைஞர்கள் ஆடும் பாட்டுகளில் பெரும்பாலானவை பொறியும் பறையும் கலந்து பிறந்தவையே.

இக்கலப்பு நன்றா, தீதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைப்பதில்லை. தனித்தனிக் கதைகளாக எடுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. பொறி ஒன்றே; ஆனால் அதைப் பிடித்த கை யாருடையது, பாட்டுக்குரியவரின் பெயர் அதனோடு தங்கியதா என்பதைப் பொறுத்து விளைவு வேறுபடுகிறது. அவ்வாறான கதைகள் சிலவற்றை நாம் இங்கே காண்போம்.

மரப்பெட்டியும் இரும்பு நாக்குகளும்

ஆபிரிக்காவுக்கே உரிய வாத்தியங்களுள் ஒன்று பெருவிரலால் வாசிப்பது. ஒரு மரப்பலகையின்மீதோ சிறு மரப்பெட்டியின்மீதோ மெல்லிய உலோக நாக்குகளை வரிசையாகப் பொருத்தியிருப்பார்கள். கருவியை இரு கைகளாலும் ஏந்தி, நாக்குகளின் நுனியைப் பெருவிரல்களால் அழுத்தி விடுவிக்க, நீர்த்துளி விழுவது போன்ற இனிய நாதம் எழும். சிம்பாப்வேயில் இதனை ம்பிரா என்பர். கமரூனில் சன்சா என்பர். கொங்கோவில் லிக்கெம்பே என்பர். சிம்பாப்வேயின் ஷோனா மக்கள் தம் மூதாதையரின் ஆவிகளை அழைக்கும் இராச் சடங்குகளில் இதனை வாசித்து வருகின்றனர். ம்பிராவைச் செய்யும் கலையையும் வாசிக்கும் கலையையும் 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது.

இக்கருவியின் இலட்சணம் ஒன்றை வாசகர்கள் இங்கே மனத்திற் கொள்ள வேண்டும். தூய நாதம் மட்டும் இதற்குப் போதாது. பலகையின்மீது நத்தையோடுகளையோ, இக்காலத்தில் சோடாப் போத்தல் மூடிகளையோ, தளர்வாகக் கட்டி வைப்பார்கள். ஒவ்வொரு சுரத்தோடும் அவை சேர்ந்து அதிர்ந்து 'இர்' என்று இரையும். புதிதாகக் கேட்கும் மேல்நாட்டார் அதனைப் பழுது என்று எண்ணுவதுண்டு. தம்பூரின் ஜீவாளியைக் கேட்டுப் பழகிய நம் காதுகளுக்கு அந்த இரைச்சலின் அருமை விளங்காமற் போகாது. இரைச்சலற்ற ம்பிரா ஷோனா மக்களுக்கு உயிரற்ற ம்பிராவே.

குப்பையிற் கிடைத்த காந்தம்

கொங்கோவுக்கும் அங்கோலாவுக்கும் இடைப்பட்ட எல்லைப்புறத்தில் ஸொம்போ என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களது சடங்கு இசையில் யானைத் தந்தத்தாற் செய்த எக்காளங்கள் சிறப்பிடம் பெற்றவை. அம்மக்களுள் ஒருவர் மவாங்கு மிங்கியேடி. அவர் லொறிச் சாரதியாகத் தொழில் புரிந்தவர். லிக்கெம்பே வாசிப்பில் வல்லவர். எக்காளங்களின் இசையை லிக்கெம்பேக்கு மாற்றி, 1960களில் ஒரு குழுவை அமைத்தார். கொனோனோ நம்பர் 1 என்பது அக்குழுவின் பெயர்.

அக்காலத்தில் கிராமங்களிலிருந்து மக்கள் திரள் திரளாகத் தலைநகரான கின்ஷாசாவுக்குக் குடிபெயர்ந்தனர். கிராமத்து முற்றத்தில் கணீரென்று ஒலித்த லிக்கெம்பே, நகரத்துத் தெருவில் வாகனங்களின் ஓசையில் அமுங்கிப் போயிற்று. திருமணத்துக்கும் இழவுக்கும் கூடிய நூற்றுக்கணக்கான மக்களிடையே அதன் குரல் எடுபடவில்லை. ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் வாங்கலாமென்றால் கையிற் பணமில்லை. வாத்தியத்தைக் கைவிடுவதா, நகரத்தைக் கைவிடுவதா? மிங்கியேடி இரண்டையும் கைவிடவில்லை. பழுதடைந்து வீசப்பட்ட மோட்டார் வண்டிகளின் உறுப்புகளிலிருந்து காந்தத்தையும் செப்புக் கம்பியையும் பிரித்தெடுத்தார். மரத்துண்டுகளோடு அவற்றை இணைத்துத் தாமே ஒலிவாங்கிகளைச் செய்துகொண்டார்.

மாணவர்களின் பொருட்டு அதன் தத்துவத்தைச் சொல்வோம். காந்தத்தைச் சுற்றிச் செப்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, அதன் அருகில் இரும்பு நாக்கொன்றை அதிரச் செய்தால், காந்தப்புலம் அசைந்து சுருளில் மிக நுண்ணிய மின்னோட்டம் தோன்றும். நாக்கு எவ்வாறு அதிர்கிறதோ அவ்வாறே மின்னோட்டமும் ஏறி இறங்கும். அதனைப் பெருக்கிக் குழாய் ஒலிபெருக்கியில் விட்டால் தெரு முழுவதும் கேட்கும். மின்சாரக் கிற்றார் வேலை செய்வதும் இம்முறையிலேயே. பெல்ஜியர் ஆட்சிக்காலத்திலிருந்து எஞ்சிய குழாய் ஒலிபெருக்கிகளைக் குழுவினர் பயன்படுத்தினர். 'குரலை வீசுவது' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லால் அவற்றை அழைத்தனர். பானைகளும் வண்டியுறுப்புகளும் தாள வாத்தியங்களாயின.

இக்கருவிகள் நாதத்தைத் தூய்மையாகப் பெருக்கித் தரவில்லை. தாங்கும் அளவுக்கு மேல் ஒலி ஏறியபோது அவை கரகரத்தன, இரைந்தன, உறுமின. வேறொருவராயின் இதனைக் குறையென்று ஒதுக்கியிருப்பர். கொனோனோ குழுவினரோ அந்தக் கரகரப்பைத் தம் இசைக்குள் ஏற்றுக்கொண்டனர். போத்தல் மூடி செய்த வேலையைப் பழைய ஒலிபெருக்கி செய்தது. அடங்கிப்போன தந்த எக்காளத்தின் முழக்கம் குழாயிலிருந்து மீண்டும் எழுந்தது. புதுப்பொறி பழைய இலட்சணத்தை அழிக்காமல், அதற்கு நகரத்துக்கேற்ற தொண்டையைக் கொடுத்தது என்றே சொல்லலாம்.

1978இல் அவர்களது வாசிப்புப் பதிவு செய்யப்பட்டு, 1980களில் பிரான்சில் ஒரு தொகுப்புத் தட்டில் வெளிவந்தது. அதனைக் கேட்டு வியந்த வின்சன்ட் கெனிஸ் என்ற பெல்ஜியர், பல்லாண்டு தேடியபின் 2000ஆம் ஆண்டில் கின்ஷாசாவில் அவர்களைக் கண்டுபிடித்தார். 2004இல் 'கொங்கோட்ரொனிக்ஸ்' என்ற இசைத்தட்டு வெளியாயிற்று. ஐரோப்பாவில் இலத்திரனியல் இசையில் ஊறிய இளைஞர்கள் அதனைக் கேட்டுத் திகைத்தனர். தங்கள் நாட்டில் விலையுயர்ந்த பொறிகளைக் கொண்டு வருந்தி உண்டாக்கிய உறுமலையும் ஓயாத சுழற்சியையும், மோட்டார்க் குப்பையைக் கொண்டு ஒரு லொறிச் சாரதி அதற்கு முன்பே உண்டாக்கியிருந்தார். ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் 2007இல் வெளியிட்ட தம் இசைத்தட்டில் அவர்களைச் சேர்த்துக்கொண்டார். மிங்கியேடி 2015இல் காலமானார்.

பன்னிரண்டுக்குள் அடங்காத சுருதி

கலப்பு எப்போதும் இவ்வளவு இயல்பாக அமைந்துவிடுவதில்லை. இரண்டு தடைகள் குறுக்கே நிற்கின்றன. ஒன்று சுருதி, மற்றொன்று தாளம்.

இலத்திரனியல் இசைக்கருவியின் கட்டைகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்குகளாக வகுத்தவை. மேற்கு ஆபிரிக்காவின் மண்டே மக்கள் வாசிக்கும் பலஃபோன் என்ற மரக்கட்டை வாத்தியமோ, ஸ்தாயியை ஏறக்குறைய ஏழு சமபங்குகளாக வகுத்துச் சுருதி சேர்க்கப்படுகிறது. பன்னிரண்டில் அடங்கும் சுரம் ஏழில் இராது. ஏழில் இனிக்கும் சுரம் பன்னிரண்டில் பிசகாக ஒலிக்கும். இரண்டையும் ஒருங்கே வாசிக்க வேண்டுமாயின் ஏதேனும் ஒன்று வளைந்து கொடுக்கவேண்டும். கடையில் வாங்கிய பொறி வளையாது; ஆதலால் வளைவது பெரும்பாலும் பழைய வாத்தியமே.

தாளத்திலும் அவ்வாறே. மேற்கு ஆபிரிக்க மேளங்களுக்கு வழிகாட்டுவது ஓர் இரும்பு மணி. பன்னிரண்டு மாத்திரை கொண்ட ஓர் ஆவர்த்தத்தில் அம்மணி ஏழு தட்டுகளை ஒவ்வாத இடைவெளிகளில் இடும். அதே பன்னிரண்டை ஒருவர் மும்மூன்றாக எண்ணுவார். இன்னொருவர் நந்நான்காக எண்ணுவார். நம் லய சாத்திரத்தின்படி கூறினால், திச்ரமும் சதுச்ரமும் ஒரே வேளையில் ஒன்றையொன்று பின்னி நடக்கும். 1980களில் சந்தைக்கு வந்த தாளப்பொறிகளோ ஆவர்த்தத்தைப் பதினாறாக வகுத்து, நான்கு நான்காக எண்ணும்படி செய்யப்பட்டவை. சோம்பேறியின் கையில் அப்பொறி, பின்னிய தாளத்தைப் பிரித்துப் போட்டு ஒற்றை அடியாக்கிவிடும். ஆற்றல் மிக்கவர் கையில் அதே பொறி கூடுதலாக வந்த இன்னொரு மேளகாரராகிவிடும்.

அறிஞரின் வீட்டு அறை

பொறியை மேளகாரராக்கியவர்களுள் முன்னோடி என்று சொல்லத்தக்கவர் பிரான்சிஸ் பெபே. 1929இல் கமரூனின் டுவாலா நகரிற் பிறந்த அவர் நாவலாசிரியர், கவிஞர், கிற்றார் வித்துவான், ஆராய்ச்சியாளர் எனப் பல துறைகளிற் புகழ்பெற்றவர். 1967இல் வெளிவந்த அவரது முதல் நாவல் அடுத்த ஆண்டில் கறுப்பு ஆபிரிக்க இலக்கியத்துக்குரிய பெரும்பரிசைப் பெற்றது. 1969இல் ஆபிரிக்க இசையைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் ஒரு நூல் எழுதினார். பாரிஸ் நகரில் யுனெஸ்கோவின் இசைப் பகுதியில் உயர் பதவி வகித்த அவர், 1974இல் அதனைத் துறந்து முழுநேர இசைவாணரானார்.

மரபின் காவலராக இருந்த இவரே, தம் வீட்டில் இலத்திரனியல் கட்டைக் கருவியையும் தாளப்பொறியையும் வைத்துக்கொண்டு சன்சாவோடு சேர்த்து வாசித்தார் என்றால், பழமைவாதிகள் வியப்படையக் கூடும். மத்திய ஆபிரிக்கக் காடுகளில் வாழும் பிக்மி மக்களின் சிறு மூங்கிற் குழலையும் அவர் விரும்பி வாசித்தார். அக்குழல் ஒரேயொரு சுரத்தையே எழுப்பும். மற்றைச் சுரங்களை வாசிப்பவர் தம் குரலால் எழுப்ப வேண்டும். குழலும் குரலும் மூச்சுக்கு மூச்சு மாறி மாறி வர, இரண்டும் ஒன்றாகிவிட்டது போன்ற மயக்கம் உண்டாகும். பெபே தாளப்பொறியின் மாறாத அடியை அதன்கீழ் ஓடவிட்டு, மேலே குழலையும் குரலையும் தம் விருப்பம்போல் நடமாடவிட்டார். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாகாது என்பதை ஆராய்ந்து அறிந்தவராதலால் பொறி அவருக்கு ஏவலாளாக இருந்தது.

2001இல் அவர் மறைந்தார். 1975 முதல் 1982 வரை அவர் செய்த இலத்திரனியல் பதிவுகள், அதன்பின் பத்தாண்டுகள் கழிந்த நிலையில் தனித் தொகுப்பாக வெளிவந்து, புதிய தலைமுறையினரின் கவனத்தை ஈர்த்தன.

இருபத்தொரு தந்திகளின் பாணர்

பெபே வீட்டு அறையிற் செய்ததை நாடறிய, உலகறியச் செய்தவர் கினி நாட்டு மோரி கந்தே. நம் பழந்தமிழ்ப் பாணரைப் போல, மேற்கு ஆபிரிக்காவில் அரசர் வரலாற்றையும் குலமுறையையும் பாடிக் காக்கும் மரபினர் உளர். மண்டே மொழிகளில் அவர்களை ஜலி என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தாவின் வரலாறு அவர்கள் நாவிலேயே இன்றுவரை வாழ்ந்து வருகிறது. அவர்களது சிறப்பான வாத்தியம் கோரா. பெரிய சுரைக்குடுக்கையின் பாதியைத் தோலால் மூடி, நீண்ட தண்டு பொருத்தி, இருபத்தொரு தந்திகளைக் கட்டியிருப்பார்கள். தண்டைச் சுற்றியுள்ள தோல் வளையங்களை நகர்த்திச் சுருதி சேர்ப்பர்.

அக்குலத்தில் 1950இற் பிறந்த மோரி கந்தே, சிறுவயதில் மாலிக்கு அனுப்பப்பட்டுக் குலவித்தையைக் கற்றார். 1970களின் தொடக்கத்தில் பமாக்கோ நகரின் புகழ்பெற்ற ரயில் நிலைய வாத்தியக் குழுவிற் சேர்ந்தார். 1980களிற் பாரிஸ் சென்று, கோராவோடு இலத்திரனியல் கருவிகளையும் தாளப்பொறியையும் பித்தளை எக்காளங்களையும் கூட்டினார். 1987இல் வெளிவந்த 'அக்வாபா பீச்' என்ற இசைத்தட்டில் 'யே கே யே கே' என்ற பாட்டு இடம்பெற்றது. மண்டிங்கா மரபில் வேரூன்றிய அப்பாட்டு, 1988இல் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் விற்பனை வரிசையில் முதலிடத்துக்கு ஏறியது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற முதல் ஆபிரிக்கத் தனிப்பாட்டு என்று அது பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

பொறிகளின் ஆரவாரத்தில் கோரா அமிழ்ந்துவிட்டது என்று குறைகூறியவர்களும் இருந்தனர். அக்குறையில் ஓரளவு நியாயம் உண்டு. பொறியின் சுருதிக்குக் கோராவே இணங்க வேண்டியிருந்தது. மணியின் பின்னல் தாளத்தைவிட நடன மண்டபத்தின் நேரடி அடியே மேலோங்கி நின்றது. எனினும், விட்டுக்கொடுத்தவர் கோராவின் உரிமைக்காரர். எவ்வளவு கொடுப்பது, எங்கே நிறுத்துவது என்பதை அவரே நிர்ணயித்தார். பாட்டின்மேல் அவர் பெயர் இருந்தது. 'மின்சாரப் பாணர்' என்று மேல்நாட்டார் அவரை அழைத்தனர். 2020 மே மாதத்தில் கினியின் தலைநகர் கொனாக்ரியில் அவர் காலமானபோது, கோரா உலகப் பல்கலைக்கழகங்களிலும் கச்சேரி மண்டபங்களிலும் அறிமுகமான வாத்தியமாகிவிட்டிருந்தது.

பெயர் இழந்த தாலாட்டு

இதுவரை கண்ட மூவரும் தத்தம் மரபை எடுத்துக்கொண்டு பொறியிடம் சென்றவர்கள். பொறியை வைத்திருப்பவர் மரபிடம் சென்றால் என்ன நிகழும்? பெபே வாசித்த அதே பிக்மிக் குழலின் கதை அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

சிம்ஹா அரோம் என்ற ஆராய்ச்சியாளர், மத்திய ஆபிரிக்கக் குடியரசில் வாழும் ஒரு பிக்மிக் குழுவினரின் குழலிசையைப் பதிவு செய்தார். 1966இல் அது இசைத்தட்டாக வந்தது. அமெரிக்க ஜாஸ் மேதை ஹேர்பி ஹான்கொக் 1973இல் வெளியிட்ட 'ஹெட் ஹன்டர்ஸ்' தட்டில், அவரது குழுவைச் சேர்ந்த ஒருவர் பியர்ப் போத்தலின் வாயில் ஊதி அவ்விசையை அப்படியே பாவனை செய்தார். அத்தட்டு அமோகமாக விற்பனையாயிற்று. ஒரே கறுப்பினச் சகோதரர்களுக்குள் நிகழும் கொடுக்கல் வாங்கல் இது என்பது ஹான்கொக்கின் எண்ணம். 1994இல் பாடகி மடோனாவின் பாட்டொன்றில் ஹான்கொக்கின் தட்டிலிருந்து ஒலித்துணுக்கு எடுக்கப்பட்டது. நன்றியும் உரிமையும் ஹான்கொக்குக்கே சென்றன. காட்டில் குழலூதியவர்களை அங்கே எவரும் நினைக்கவில்லை.

ஒலித்துணுக்கு என்பது யாது? முன்னரே பதிவான ஒலியிலிருந்து ஒரு சிறு பகுதியை வெட்டியெடுத்து, பொறியிற் சேமித்து, வேண்டிய வேகத்திலும் சுருதியிலும் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்வது. 1980களிற் பரவிய இம்முறையால், பாடகரை அழைக்காமலே அவர் குரலைப் பாட்டிற் சேர்க்க முடிந்தது. ஒரு தொல்பொருட் காட்சிச்சாலையின் பேழைக்குள் உறங்கிய குரலையும் நடன மண்டபத்துக்குக் கொண்டுவர முடிந்தது.

1992இல் பிரான்சில் இருவர் சேர்ந்து 'டீப் பொரஸ்ட்' என்ற பெயரில் இவ்வாறான இசைத்தட்டொன்றை வெளியிட்டனர். ஆபிரிக்கக் காட்டு மக்களின் குரல்களும் இலத்திரனியல் தாளமும் கலந்த படைப்பு என்று உலகம் அதனை வரவேற்றது. அதில் மிகவும் புகழ்பெற்றது ஒரு தாலாட்டு. கேட்டவர்கள் அது பிக்மித் தாயின் குரல் என்று எண்ணி உருகினர். ஆனால் அக்குரல் ஆபிரிக்காவினுடையதன்று! பசிபிக் சமுத்திரத்திலுள்ள சொலமன் தீவுகளில், மலைய்ட்டா என்னும் தீவைச் சேர்ந்த அஃபுனாக்குவா என்ற பெண்மணி பாடியது அது. ஹியூகோ ஸெம்ப் என்ற சுவிட்சர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் அதனைப் பதிவு செய்திருந்தார். 1973இல் யுனெஸ்கோவின் இசைத்தட்டு வரிசையில் அது வெளிவந்திருந்தது. பெற்றோரை இழந்து அழும் குழந்தையைத் தேற்றுவதே அத்தாலாட்டின் பொருள்.

பெயர் கழன்ற பாட்டு ஊரையும் இழந்தது. 1996இல் நோர்வே நாட்டு வித்துவான் யான் கார்பரெக் அதே மெட்டைத் தம் தட்டில் வாசித்து, அதற்குப் 'பிக்மித் தாலாட்டு' என்று தலைப்பிட்டார். நல்லெண்ணத்தோடு செய்த பிழைதான். ஆயினும் ஒரு தீவு மக்களின் பாட்டு வேறொரு கண்டத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. அதே ஆண்டில் ஸெம்ப் ஒரு கட்டுரை எழுதி, அப்பாட்டை அவ்வாறு பயன்படுத்துவதற்குத் தாம் இணங்கவில்லை என்பதை வெளிப்படுத்தினார். இசைத்தட்டு பல இலட்சக்கணக்கில் விற்றது. பாடிய பெண்மணியின் பெயர் கேட்டவர்களை எட்டவில்லை.

பெயர் திரும்பும் வழி

பெயர் நிலைத்தால் நியாயம் என்றேனும் கிடைக்கும் என்பதற்குத் தென்னாபிரிக்காவின் சொலமன் லிண்டா சாட்சி. 1939இல் ஜொஹான்னஸ்பேர்க்கில் அவர் பாடிப் பதிவு செய்த 'ம்பூபே' என்ற பாட்டு, அமெரிக்காவில் வேறு பெயர்களிற் பாடப்பட்டு உலகெங்கும் பரவியது. அவரோ 1962இல் வறுமையில் மாண்டார். ஆனால் முதற் பதிவில் அவர் பெயரும் குரலும் இருந்தன. 2004இல் அவரது வாரிசுகள் சார்பில் டிஸ்னி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2006இல் சமரசம் ஏற்பட்டு, அவர் புதல்வியருக்கு உரிய பங்கு கிடைக்க வழி பிறந்தது.

தனியொருவர் இயற்றாத பாட்டுக்கு யார் உரிமைக்காரர்? வழக்கமான பதிப்புரிமைச் சட்டம் இவ்வினாவுக்கு விடை சொல்லாது. அது ஆசிரியரைத் தேடும். ஆசிரியர் இல்லையெனில் பாட்டை எவரும் எடுக்கலாம் என்று விட்டுவிடும். இக்குறையை உணர்ந்த கானா நாடு, 2005ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் நாட்டார் கலைகளின் உரிமையை மக்கள் சார்பில் சனாதிபதியிடம் ஒப்படைத்தது. 2010இல் நமீபியாவின் ஸ்வாகோப்முண்ட் நகரிற் கூடிய ஆபிரிக்க நாடுகள், மரபறிவையும் நாட்டார் கலை வடிவங்களையும் காப்பதற்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றன.

சட்டத்துக்கு அப்பாலும் நல்ல முயற்சிகள் தோன்றியுள்ளன. ஹியூ டிரேசி என்பவர் 1954இல் தென்னாபிரிக்காவில் நிறுவிய சர்வதேச ஆபிரிக்க இசை நூலகத்தில் ஆயிரக்கணக்கான பழைய ஒலிப்பதிவுகள் உள்ளன. அவற்றுள் மலாவி நாட்டுப் பதிவுகளைக் கொண்டு இலத்திரனியல் இசைவாணர்கள் புதுப்பாட்டுகள் அமைத்து 2016இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டனர். பாட்டு எந்நாட்டினது என்பதைத் தலைப்பிலேயே அறிவித்து, வருவாய் அந்நாட்டு மக்களுக்குச் சேரும்படியும் செய்தனர். ஒலித்துணுக்கு வெட்டும் அதே பொறிதான். பிடித்த கையில் மனச்சாட்சி இருந்தது.

ஹான்கொக்கின் கதைக்கும் ஒரு பின்னுரை உண்டு. 2010இல் அவர் வெளியிட்ட தொகுப்பொன்றில் கொனோனோ நம்பர் 1 குழுவினரை நேரில் அழைத்து வாசிக்கச் செய்தார். அவர்கள் பங்குகொண்ட பாட்டு 2011இல் கிராமிப் பரிசு பெற்றது. 1973இல் போத்தலை ஊதிப் பாவனை செய்யப்பட்ட ஆபிரிக்கா, 2010இல் தன் சொந்தப் பெயரோடு சபையில் அமர்ந்தது. இடைப்பட்ட முப்பத்தேழு ஆண்டுகளில் உலகம் சிறிதளவேனும் கற்றுக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, மரபு பொறியினாற் கெடுகிறது என்ற அச்சமும், பொறியினாற் பிழைக்கிறது என்ற களிப்பும் பாதி உண்மைகளே. மிங்கியேடியின் கையிற் குப்பைக் காந்தமும் மரபைக் காத்தது. அஃபுனாக்குவாவின் தாலாட்டை உயர்ந்த ஒலிப்பதிவு நிலையமும் அநாதையாக்கியது. கைத்தொலைபேசியை அழுத்தியவுடன் உலகத்துப் பாட்டெல்லாம் செவியிற் பாயும் காலம் இது. அவ்வாறு பாயும் பாட்டொன்றில் தொலைதூரத்துக் குழலோ தாலாட்டோ கேட்கும்போது, 'இது யாருடைய குரல்? எவ்வூரார் பாட்டு?' என்று ஒரு கணம் வினவி, தேடிப் பார்ப்பது நம் மாணவர்களுக்கு அரிய செயலன்று. இசைத்தட்டின் அட்டையில் அந்தப் பெயர் விடுபட்டிருக்கலாம். தேடிக் கண்டவர் அதனை இன்னொருவருக்குச் சொல்லும்போது, பாடியவருக்கு நெடுநாளாய்ச் சேரவேண்டிய ஒரு பங்கு அங்கே சேர்ந்துவிடுகிறது.